காற்று வடக்கே... தொழிற்சாலை தெற்கே! ஜெர்மனியின் மின்சாரச் சிக்கல்

2023 ஏப்ரல் 15. ஜெர்மனியின் கடைசி மூன்று அணு உலைகளும் நிறுத்தப்பட்ட நாள். 2011-ல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு ஏஞ்சலா மெர்க்கல் அரசு எடுத்த முடிவு அன்று நிறைவேறியது.

ஆனால், அதே ஆண்டு ஜனவரியில் லுட்ஸராத் என்ற குட்டி கிராமத்தில் நடந்தது வேறு. மரவீடு கட்டிப் போராடியவர்களை போலீஸ் வெளியேற்ற, ஊரே இடிக்கப்பட்டது. காரணம், ஊருக்கு அடியில் இருந்த பழுப்பு நிலக்கரி!

இத்தனைக்கும், அந்த ஆண்டு ஜெர்மனி பயன்படுத்திய மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்று, சூரிய ஒளி போன்றவற்றிலிருந்து கிடைத்ததுதான். பிறகு ஏன் நிலக்கரியை முழுதாகக் கைவிட, சட்டத்தில் 2038 வரை கெடு?

ஒரு முக்கியக் காரணம், மின்தடம். பலமான காற்று வீசுவது வடக்கே. கார் தொழிற்சாலைகள் நிறைந்திருப்பது தெற்கே. நிறுத்திய மூன்று உலைகளில் இரண்டு இருந்ததும் தெற்கேதான். வடக்கு மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவர, சுமார் 700 கி.மீ. நீள 'சூட்லிங்க்' தடத்தை 2022-ல் முடிப்பதாகத் திட்டம். 'எங்க ஊர்ல டவர் வேண்டாம்' என மக்கள் எதிர்த்ததால், கேபிளை மண்ணுக்கடியில் புதைக்க முடிவானது. வேலை பல ஆண்டுகள் தள்ளிப்போனது.

டவர் வேண்டாம் என்றவர்களின் ஊர் தப்பியது. லுட்ஸராத் தப்பவில்லை. காற்றாலை நட்டால் மட்டும் போதாது மக்களே, கம்பியும் வந்து சேர வேண்டும்!