மண்ணின் ஓசையா, மனிதரின் சொல்லா?

ராம்ஸ்டைன் என்னும் ஜெர்மானிய இண்டஸ்ட்ரியல் மெட்டல் குழு 1997இல் வெளியிட்ட 'டூ ஹாஸ்ட்' பாடலுக்குப் பொருள் கேட்டால், பாலக்காட்டுக் கல்லூரி விடுதிகளிலும் விடை கிடைக்கும். 'உடையாய்', 'வெறுக்கிறாய்' என்னும் பொருள்தரும் இரு சொற்களுக்கும் அம்மொழியில் ஒலி ஒன்றே. அந்தச் சிலேடையின் மீது தேவாலயத் திருமண உறுதிமொழியை ஏற்றி, இறுதியில் மறுத்துரைக்கும் பாடல் அது. ஜெர்மன் அறியாதவர்களும் ஓரெழுத்து வேறுபாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதில் பிழையில்லை, சொல்லுக்குப் பொருள் தேடுவது கேட்பவர் கடன்.

அதே கடன் அட்டப்பாடி மலையடிவாரத்தில் ஏன் நின்றுவிடுகிறது?

2020 பிப்ரவரியில் வெளியான 'அய்யப்பனும் கோஷியும்' திரைப்படத்தில், நக்குபதி ஊரின் நஞ்சியம்மா தாமே இயற்றி, இருளர் மொழியில் பாடினார். 'காட்டின் குரல்', 'மண்ணின் ஓசை' என்று புகழ்ந்தார்கள். கிழக்கே சந்தனம் பூத்திருப்பதையும் பூப்பறிக்கப் போவதையும் பேசும் அப்பாடலில் விமானமும் வருகிறது! வானூர்தியை வேடிக்கை பார்க்க அழைக்கும் ஒரு பாட்டை ஆதிகால வனத்தின் முனகலாகக் கேட்பதற்குச் சாதாரண அலட்சியம் போதாது.

2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டதும், முறையான சங்கீதப் பயிற்சி இல்லாதவருக்கா விருது என்ற எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவருக்கும் ஏற்றிப் போற்றியவருக்கும் இடையே தூரம் அதிகமில்லை. இரு சாராருக்கும் அது வெறும் ஒலி. ஒருவர் அதைக் குறைவென்றார், மற்றவர் தூய்மையென்றார். பாடலாசிரியர் ஒருவர் அங்கே இருந்தார் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை.

சித்தூர் வட்டத்துத் தமிழர்க்கும் இதில் விலக்கில்லை. கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் அரசுப் படிவம் தமிழில் வேண்டுமென்று கேட்பது முற்றிலும் நியாயம். ஆனால் இருளர் பேச்சைக் 'கொச்சைத் தமிழ்' என்று தள்ளும் வாய், அந்த நியாயத்தைத் தானே அறுக்கிறது. அம்மொழியை டிஃப்ளோத் 1968இல் ஆராய்ந்தார். கமில் சுவலபில் 1973இல் தனிநூலே எழுதினார். தமிழுக்கு மிக நெருங்கிய உறவு, எனினும் தனக்கென உயிரொலிகள் கொண்ட தனிமொழி. ஜெர்மனுக்கு அகராதி புரட்டுபவர், பாதி புரியும் பக்கத்து மொழிக்கு அரைநாழிகை செவிகொடுத்தால் போதும்.

'மண்ணின் ஓசை' என்ற புகழ்ச்சியில் வேறொரு கொடுமையும் உண்டு. அகளியில் தம் கணவர் குடும்பத்தின் நிலம் பிறர் கைக்குப் போனதாக நஞ்சியம்மா போராடிவருகிறார். பழங்குடியினரின் நிலத்தை மீட்டளிக்கக் கேரளம் 1975இல் சட்டம் இயற்றியது. 1999இல் வந்த மாற்றுச் சட்டமோ, 1960க்கும் 1986க்கும் இடையே கைமாறிய நிலத்தில் இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவரிடமே விட்டுவிட்டு, இழந்தவருக்கு வேறிடத்தில் நிலம் தரலாம் என்றது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பாடலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டவர்களில் எத்தனைபேர் இந்தச் சட்டத்தை ஒருமுறையேனும் படித்தார்கள்?