கேமரா மேல் பழி போடலாமா?

மலர் கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது நம்ம போட்டோவைத்தான். போன வருட மலரில் பலருக்குத் தங்கள் முகமே அடையாளம் தெரியவில்லை. அந்தப் படங்களை எடுத்த பாவி நான்தான்!

"சங்கத்துக் கேமரா பழசு, லென்ஸ் சரியில்ல" என்று அப்போது நானும் சொல்லித் தப்பித்தேன். அதையே காரணமாக வைத்து, சங்க நிதியில் புது லென்ஸ் வாங்கணும் என்று இப்போது பேச்சு கிளம்பியிருக்கிறது. இதை நான் எதிர்க்கிறேன்.

நம் ஒர்க்‌ஷாப் உதவியாளர் ஓய்வு பெற்ற விழா ஞாபகம் இருக்கிறதா? மங்கலான ட்யூப் லைட் வெளிச்சத்தில் சால்வை போர்த்தும் படத்தை எடுத்தேன். "வீட்ல மாட்டணும் தம்பி, பெரிசா ஒண்ணு போட்டுக் குடு" என்றார். கொடுக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே கலங்கல். அவர் அசைந்திருந்தால் அவர் மட்டும்தானே கலங்கியிருக்க வேண்டும்? பின்னால் கட்டியிருந்த பேனர் எழுத்துகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தன. பேனரா ஆடியது? ஆடியது என் கை!

கணக்கு எளிது. ஜூம் 55 மி.மீ.யில் இருந்தது. நம் கேமராவின் சிறிய சென்சாருக்கு அதை 1.5 ஆல் பெருக்கினால் சுமார் 82. கையில் பிடித்து எடுக்க 1/80 வினாடியாவது வேகம் வேண்டும். நான் வைத்திருந்ததோ 1/15. ஐ.எஸ்.ஓ.வை 400இலிருந்து 3200க்கு ஏற்றியிருந்தால் 1/120 கிடைத்திருக்கும். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்திருக்கும், முகமாவது தெரிந்திருக்கும். தூணில் சாய்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பட்டனைக் குத்தாமல் மெதுவாக அழுத்தியிருந்தாலும் கொஞ்சம் பலன் இருந்திருக்கும்.

குரூப் போட்டோவுக்கு ட்ரைபாட்தான். அதிலும் ஒரு சங்கதி உண்டு. டி.எஸ்.எல்.ஆருக்குள் இருக்கும் கண்ணாடி ஒவ்வொரு படத்துக்கும் படாரென்று மேலே எழும்புகிறது. 1/4, 1/8, 1/15 போன்ற வேகங்களில் அந்த உதறலே படத்தைக் கெடுக்கும். லைவ் வியூ போட்டால் கண்ணாடி முன்பே ஏறிவிடும். 2 வினாடி டைமர் வைத்தால் விரல் பட்ட ஆட்டமும் அடங்கிவிடும். ட்ரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கொடிக்கம்பம் மாதிரி ஆடும். பழைய லென்ஸ் என்றால் ஸ்டெபிலைசரையும் அணைத்துவிடுங்கள். இல்லாத ஆட்டத்தைத் திருத்தப் போய் அதுவே ஆட்டம் போடும்!

லேத் பெட்டை ஏன் கனமான வார்ப்பிரும்பில் செய்கிறார்கள் என்று கேட்டால் "அதிர்வை உறிஞ்சும் சார்" என்று நாம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். கேமராவைக் கையில் எடுத்ததும் அதை மறந்துவிட்டோம், அவ்வளவுதான். முதலில் நல்ல கனமான ட்ரைபாட் ஒன்று வாங்குவோம். லென்ஸ் பிறகு வரட்டும்.

போன மாதம் ட்ரைபாட் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு அந்த உதவியாளர் வீட்டுக்குப் போனேன். பீரோவிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். படம் பளிச்சென்று வந்தது, சால்வைக் கரையின் இழைகூடத் தெரிகிறது. பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி, ஆனா பசங்க யாரும் இல்லையே" என்றார்.