பிரதிகள் பெருகட்டும்

2009 அக்டோபர் 26 அன்று யாகூ நிறுவனம் தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியது. தமிழ் இணையத்தின் முதல் தலைமுறையில் பலர் காசில்லாமல் பக்கம் திறந்தது அங்கேதான். கவிதை, ஊர் வரலாறு, சமையல் குறிப்பு என்று அவர்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவற்றில், உலகெங்கும் சில தன்னார்வலர்கள் கடைசி மாதங்களில் அவசரமாகப் படியெடுத்தவை மட்டும் மிஞ்சின. 2014இல் ஆர்குட், 2019இல் கூகிள் பிளஸ் என்று அந்த வரிசை நீண்டது. மூடப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் தமிழில் எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

சென்ற மாதம் சென்னை கே.கே. நகரில் எங்கள் இதழின் வாசகர்கள் கூடியபோது ஒரு கவிஞர் தன் அனுபவத்தைச் சொன்னார். சாதி பற்றி அவர் எழுதிய ஒரு குறிப்பைப் பிடிக்காதவர்கள் கூட்டமாகச் சேர்ந்து புகார் செய்தார்கள். சமூக வலைதளம் அவருடைய கணக்கை முடக்கிவிட்டது. பல ஆண்டுக் கவிதைகளின் முதல் வடிவங்கள் அங்கே மட்டுமே இருந்தன. முறையீட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்பினார், பதில் இல்லை. "இனி எங்கே எழுதுவது?" என்று கேட்டார். கூட்டத்தில் இருந்த இளைஞர்கள் உடனே சொன்ன பதில், பரவலாக்கப்பட்ட இணையம். அந்தப் பதிலை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அதை முழுசாகப் பேச வேண்டும்.

அதன் அடிப்படை எளிது. ஜிமெயிலில் இருப்பவர் வேறொரு நிறுவனத்தின் முகவரிக்கு அஞ்சல் அனுப்ப முடிகிறது அல்லவா? அதே ஏற்பாட்டைச் சமூக வலைதளத்துக்கும் கொண்டுவருவதுதான். பல வழங்கிகள் (சர்வர்கள்), எல்லாவற்றுக்கும் ஒரே நெறிமுறை. 2016இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ தொடங்கிய மாஸ்டடான் அப்படிப்பட்டது. அது பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை 2018இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. ஒரு வழங்கி பிடிக்கவில்லை என்றால் வாசகர்களை இழக்காமல் இன்னொன்றுக்குப் போகலாம். 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தான் பதிப்பித்த நூல்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். பெரிய பத்திரிகைகளின் தயவு இல்லாமலே இலக்கியம் வாழும் என்று காட்டிய மரபு அது. அந்த மரபில் வந்தவர்களுக்கு, யார் தயவும் இல்லாமல் எழுத வேண்டும் என்ற இந்த ஆசை புரியாமல் போகாது.

ஆனால் பரவலாக இருந்தும் தமிழ் சிதறிக் கிடந்த ஒரு காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். 1990களின் கடைசியில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ஒரு வார இதழைப் படிக்க ஓர் எழுத்துருவை இறக்க வேண்டும், அடுத்த இதழுக்கு இன்னொன்று. எழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரை முழுவதும் கால் அரை பின்னங்களும், தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளுமாகத் தெரியும். ஒரு தளத்தில் இருந்ததை இன்னொரு தளத்திலிருந்து தேடவும் முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு குறியேற்றத்தையும் விசைப்பலகையையும் தரப்படுத்த முயன்றது. ஒருங்குறி (யூனிகோடு) பரவிய பிறகுதான் எல்லாத் தமிழும் ஒரே தமிழானது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. பல வழங்கிகள் இருப்பதால் மட்டும் பயனில்லை, அவற்றுக்குள் ஒரு பொது உடன்பாடு வேண்டும் என்பதை அந்தப் பத்தாண்டு நமக்குப் பாடமாகக் கற்றுத்தந்தது.

அடுத்து வந்தது வலைப்பதிவுக் காலம். ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் அவர்களைத் திரட்டி ஒரே இடத்தில் காட்டியது. சொந்த வீடு கட்டிவிட்டதாகவே எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் பெரும்பாலோர் குடியிருந்தது ஒரே உரிமையாளரின் வாடகை வீடுகளில். பிளாக்கர் சேவையைக் கூகிள் 2003லேயே வாங்கியிருந்தது. வாசகரைக் கொண்டுவந்து சேர்த்த முக்கிய வாசலும் அந்தத் திரட்டிதான். அது தளர்ந்ததும் பலர் முகநூலுக்குப் போனார்கள். புதிய ஏற்பாட்டிலும் இதே ஆபத்து இருக்கிறது. ஆயிரம் வழங்கிகள் இருந்தாலும் அவை ஓடுவது ஓரிரு நிறுவனங்களின் தரவு மையங்களில் என்றால், பரவல் என்பது பெயரளவில்தான்.

மிகக் கடினமான கேள்வி பராமரிப்பு. வழங்கிக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். நள்ளிரவில் அது விழுந்தால் எழுந்து சரிசெய்ய ஆள் வேண்டும். தமிழில் எழுதும் பெண்களுக்கும் தலித் எழுத்தாளர்களுக்கும் வரும் வசவுகள் எப்படிப்பட்டவை என்று நமக்குத் தெரியும். பெரிய நிறுவனங்களின் மட்டுறுத்தல் மோசம் என்பது உண்மைதான். அதற்காக, மட்டுறுத்தலே இல்லாத சிறிய வழங்கி பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. புகாரைப் படித்து, வட்டார வசவைப் புரிந்துகொண்டு, அன்றே நீக்க ஒருவர் தேவை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, சிறிய தளத்தை நடத்துபவரும் குறைதீர் அலுவலரை நியமித்தாக வேண்டும். அந்தச் சுமை முழுவதும் ஒரு தன்னார்வலர் தலையில் விழுந்தால் சில ஆண்டுகளில் அவர் சோர்ந்துபோவார். அவரோடு அந்த வழங்கியும் போய்விடும்.

அரசின் பிடியிலிருந்து பரவலாக்கம் தப்பிக்க வைக்கும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் போராடியவர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் முடக்கப்பட்டது. கம்பியும் கோபுரமும் அணைக்கப்பட்டால் மாஸ்டடானும் முகநூலும் ஒன்றுதான். 2023இல் மத்திய அரசு தடைசெய்த 14 செயலிகளில் பரவலாக்கப்பட்ட முறையில் இயங்கும் பிரையர், எலிமெண்ட் இரண்டும் இருந்தன. பரவலாக்கம் என்றாலே பிளாக்செயின்தான் என்று சொல்லிக்கொண்டு நாணயம் விற்க வருபவர்களைப் பற்றி ஒரு வரி போதும்: எழுத்தாளருக்கு வேண்டியது அது இல்லை.

அப்படியானால் எது வேண்டும்? தமிழில் நிலைத்து நின்றவற்றைப் பார்த்தாலே தெரியும். தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தர 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், முகப்புப் பக்கத்தை மாற்றாமல் யார் வேண்டுமானாலும் படியெடுத்துப் பரப்பலாம் என்று அனுமதித்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் முழுத் தரவையும் எவரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் நூல்களும் அதோடு போயின. அந்த இழப்பின் நினைவு மாறாத சமூகத்திலிருந்துதான் 2005இல் இலங்கைத் தமிழ் நூல்களை மின்வடிவாக்கும் நூலகம் திட்டம் எழுந்தது. இவை மூன்றுக்கும் மையம் உண்டு, வழங்கி உண்டு. ஆனால் அவற்றில் உள்ளதை எவரும் இறக்கிப் பிரதி வைத்துக்கொள்ள முடிகிறது. மையம் நாளைக்கே மூடினாலும் வேறொருவர் எடுத்து நடத்தலாம். எங்கள் பார்வையில் பரவலாக்கத்தின் சாரம் இதுதான்.

கே.கே. நகர் வாசகர் கூட்டம் முடிந்து சிலர் முனுசாமி சாலையில் இருக்கும் டிஸ்கவரி புக் பேலஸுக்குப் போனோம். முகநூல் பதிவுகளாகப் பிறந்து நூலானவை இன்று எந்தத் தமிழ்ப் புத்தகக் கடையிலும் இருக்கும். அச்சான முந்நூறு பிரதிகள் முந்நூறு வீடுகளுக்குப் போய்விட்டால் எந்த நிறுவனத்தாலும் அவற்றைத் திரும்ப வாங்கி அழிக்க முடியாது. அச்சாகாமல் வலைதளத்தில் மட்டும் கிடப்பவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே எங்கள் முடிவைச் சொல்கிறோம். இந்த இதழிலிருந்து, எழுதியவரின் ஒப்புதலோடு, எல்லாப் படைப்புகளும் ஒருங்குறியில் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தின் கீழ் வெளிவரும். எங்கள் பெயரில் பதிந்த சொந்தத் தள முகவரியில் அவை இருக்கும். படியெடுக்க எங்களிடம் அனுமதி கேட்க வேண்டாம். தமிழுக்கென ஒரு மாஸ்டடான் வழங்கியை நடத்த யாராவது முன்வந்தால், சந்தா கட்டி, மட்டுறுத்தலில் முறைவைத்து உட்கார எங்கள் நண்பர்கள் தயார்.

உங்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. நீங்கள் எழுதிய பதிவுகளைத் தரவிறக்கிக்கொள்ளும் வசதி பெரிய வலைதளங்களில் இருக்கிறது. அதை இந்த வாரமே செய்யுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள், இன்னொன்றை நம்பகமான நண்பரிடம் கொடுங்கள்.