எந்த அடி இரைச்சல்?

மின்னணு டிரம் பேடுக்குள் பெரிய ரகசியம் இல்லை. ஒரு பீசோ தகடு, அதற்கு இணையாக 1 மெகாஓம் மின்தடை, மின்னழுத்தம் எகிறாமல் காக்க 5.1 வோல்ட் ஜீனர் டையோடு, ஓர் ஆர்டுயினோ. அடித்தால் தகடு மின்னழுத்தம் தரும். நிரலில் குறித்த அளவை அது தாண்டினால்தான் ஒலி. தாண்டாவிட்டால் இரைச்சல் என்று தள்ளப்படும்.

அரசியல் அந்த அளவில்தான் இருக்கிறது. தடித்த டிரம் குச்சிக்கு ஏற்ப அதை வைத்தால், பறையின் அடிக்குச்சி கேட்கும். மெல்லிய சிம்புக்குச்சி காணாமல் போகும்.

பறையொலியை ரப்பர் பேடில் ரசிக்கும் மேடைகள் பலவற்றில் பறையடிப்பவருக்கு இடமில்லை. இழிவு தோலில் இருந்ததில்லை. அடிப்பவரை இழிவாக்கிய சாதியில் இருக்கிறது. பேடு அதை ஒழிக்காது.

ஆகவே தோழர்களே, கருவியைப் பறைக் கலைஞர்களோடு உட்கார்ந்து செய்வோம். எது அடி, எது இரைச்சல் என்பதை அவர்கள் சொல்லட்டும். நிரலில் மாற்ற வேண்டியது ஒரே ஓர் எண்.