பூவைத் துடைத்துவிட்டுப் படம் எடுக்காதீர்கள்

பங்குனி பிறந்தால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் பூப்படங்கள் வந்து குவியும். வேப்பம்பூ, புங்கம்பூ, சரக்கொன்றை, மாடித்தோட்டத்துக் கத்தரிப்பூ. எல்லாம் கிட்டே போய் எடுத்தவை. பின்னால் இருப்பது மங்கலாகி, பூ மட்டும் பளிச்சென்று நிற்கும். "சூப்பர்ங்க", "அருமை" என்று நாலு பேர் போடுவார்கள். மறுநாள் அந்தப் படம் எங்கே போனதென்று எடுத்தவருக்கே தெரியாது.

"போட்டோ புடிச்சா வெளைச்சல் வந்துருமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. என் கருத்தில், பூவைக் கிட்டே போய்ப் படமெடுப்பது உழவு வேலைகளில் ஒன்று. ஆனால் இப்போது எடுக்கிற மாதிரி அழகுக்காக மட்டும் எடுத்தால் அதில் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. இதைச் சொல்ல வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர்ப் பக்கம் போனால் கன்டெய்னர் லாரி, புகைபோக்கி, சாம்பல் குழாய் இவைதான் கண்ணில் படும். "அங்க என்னங்க பூ இருக்கு?" என்று கேட்போம். குனிந்து பார்த்தால் இருக்கிறது. மணலில் அடம்பு படர்ந்திருக்கும். அதன் ஊதாப்பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். பாதையோரம் எருக்கும் கண்டங்கத்தரியும் தும்பையும் நிற்கும். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் வெண்கண்டல் மரம் கோடையில் பூக்கும். நாலே இதழ், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம், சட்டைப் பொத்தானில் பாதி அளவுதான் இருக்கும். நடந்து போகிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. திருவொற்றியூர்க் கோயிலின் மகிழமரமும் அப்படித்தான். அதன் அடியில் மகிழடி சேவை நடத்துகிற ஊர் அது. ஆனால் மகிழம்பூவின் இதழ் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம்.

கிட்டே போய்ப் பார்ப்பதால் உழவருக்கு என்ன லாபம்? கண்டங்கத்தரிப் பூவையே எடுத்துக்கொள்வோம். நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாக நிற்கும். படத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னத் துளை தெரியும். மகரந்தம் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அதற்குத் தச்சுத்தேனீயோ, வயிற்றில் நீலக்கோடு போட்ட தேனீயோ வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்க வேண்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த அதிர்வு வேலை வராது. நம் கத்தரிக்கும் தக்காளிக்கும் இதே அமைப்புதான். காற்று அசைத்தாலும் காய் பிடிக்கும். இந்தத் தேனீக்கள் வந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். தச்சுத்தேனீ காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் குடியிருக்கும். நீலக்கோட்டுத் தேனீ மண்ணில் வளை தோண்டும். அப்படியென்றால் வரப்பில் கிடக்கும் பட்ட கட்டையைக் கொளுத்துவதும், வரப்பை மொட்டையாகச் செதுக்குவதும் யார் வீட்டை இடிக்கிற வேலை?

நம் இளவேனில், பனி உருகி வருகிற வசந்தம் மாதிரி இல்லை. சித்திரை வெயிலில் அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்போதுதான் வேம்பும் புங்கனும் பூக்கின்றன. பயிர்ப்பூ இல்லாத அந்த இடைவெளியில் தேனீக்குச் சோறு போடுவது வரப்பும் வேலியும் புறம்போக்கும்தான். எந்தச் செடி எந்த வாரம் பூக்கிறது, அதில் எந்தப் பூச்சி உட்காருகிறது என்பது தேதியோடு படமாக இருந்தால், எந்தச் செடியை விட்டுவைப்பது என்ற முடிவை நாமே எடுக்கலாம்.

இனி தலைப்புக்கு வருகிறேன். படம் அழகாக வரவேண்டுமென்று பூவில் இருக்கும் தூசியை ஊதி, துடைத்து, ஸ்பிரேயரால் தண்ணீர் தெளித்துப் பனித்துளி மாதிரி காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். தண்ணீர் பட்டால் மகரந்தம் கெடும். அதைவிட முக்கியம், அந்தத் தூசிதான் சேதி. அனல்மின் நிலையச் சாம்பல் இலையில் படிந்தால் செடிக்கு வெளிச்சம் குறையும். சூல்முடியில் படிந்தால் மகரந்தம் ஒட்டுவது தடைபடும். கல்குவாரி, செங்கல் சூளை, சிமெண்ட் ஆலை பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சாம்பல் படிந்த இதழை அப்படியே எடுங்கள்.

பின்னணியை மங்கலாக்கும் படத்துக்கும் இதே குறை உண்டு. அடம்புப்பூவுக்குப் பின்னால் நிற்கும் புகைபோக்கியை அது மறைத்துவிடும். அப்படிப்பட்ட ஒற்றைப் பூப்படத்தைக் காட்டி "பாருங்கள், இங்கே எல்லாம் செழிப்பாகத்தான் இருக்கிறது" என்று யாரும் சொல்லிவிடலாம். ஒரு படம் வெறும் அலங்காரம். ஒரே செடியை மாதம் தவறாமல் எடுத்த 12 படங்கள் ஆவணம்.

ஆவணம் எதற்கு என்றால் எண்ணூரின் கதையே பதில். 1996இல் ஒன்றிய அரசு ஏற்ற கடலோர வரைபடத்தில் அந்தக் கழிமுகம் இருந்தது. பிறகு புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் அதைக் காணோம் என்று 2017இல் செயற்பாட்டாளர்கள் தகவலுரிமைச் சட்டத்தில் பெற்ற தாள்களோடு வெளிப்படுத்தினார்கள். ஓர் ஆற்றின் முகத்துவாரத்தையே காகிதத்தில் அழிக்க முடியுமென்றால் உங்கள் ஊர் ஓடைப் புறம்போக்கு எம்மாத்திரம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவி, கண்டல் மரங்களின் மூச்சுவேர்களை மூடியது. அதற்கு முந்தின கோடையில் அங்கே எவ்வளவு பூத்தது, அடுத்த கோடையில் எவ்வளவு பூத்தது என்பதற்குத் தேதியிட்ட படங்கள் இருந்தால், இழப்பைப் பேசுகிறவர் கை வலுக்கும்.

வழி ரொம்ப எளிது. காலை வெயில் ஏறுமுன், காற்று எழுமுன் எடுங்கள். முழங்கையைத் தரையிலோ முட்டியிலோ ஊன்றிக்கொண்டால் போன் ஆடாது. ஒரு செடிக்கு நாலு படம்: பூவின் முகம், பக்கவாட்டு, இலையோடு முழுச்செடி, சுற்றுப்புறம் தெரிகிற ஒன்று. அளவுக்குப் பக்கத்தில் ஒரு நாணயம். தேதி, இடம், ஊரில் வழங்கும் பெயர் இவற்றை எழுதிவையுங்கள். பூவைப் பறிக்க வேண்டாம், பக்கத்துச் செடியை மிதிக்கவும் வேண்டாம்.

ஊர்ப்பெயர் எழுதுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1690களில் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரௌன் சென்னைச் சுற்றுவட்டாரச் செடிகளை உலர்த்தி, தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பினார். அவை இன்றும் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் செடிகளின் 300 வருடக் கணக்கு லண்டனில் இருக்கிறது. போன வருடக் கணக்கு நம் ஊராட்சியில் இருக்கிறதா?

இருக்க வேண்டும் என்கிறது 2002ஆம் வருடப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம். ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். அடுத்த கிராமசபையில் எழுந்து, "நம்ம ஊர்ப் பதிவேடு எங்கங்க?" என்று கேளுங்கள். கேட்கும்போது உங்கள் போனில் இந்தச் சித்திரையில் எடுத்த பூப்படங்கள், துடைக்காத பூக்களின் படங்கள், தேதியோடு இருக்கட்டும்.