அமுக்குவான் பேய்க்கு ஒரு டைம்டேபிள் உண்டு!

முழிப்பு வந்துடுச்சு. ஃபேன் ஓடுற சத்தம் கேட்குது. பக்கத்துல தங்கச்சி தூங்கறது தெரியுது. ஆனா கையைத் தூக்க முடியலை. கத்தலாம்னா குரல் வரலை. கதவோரம் யாரோ நிக்கறாங்க. மெதுவா வந்து நெஞ்சு மேல உட்கார்றாங்க...

'அட, எனக்கும் இப்படி வந்திருக்கே!' என்று உங்களில் சிலர் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்க, உங்க கதைக்கும் வர்றேன்.

மேலே சொன்னது, மரக்காணத்தில் இருந்து ஒரு தோழி எழுதிய கடிதத்தில் இருப்பது. காலேஜில் இரண்டாம் வருஷம். அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் உப்பளத்தில் வேலை. ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி போகும்போது பஸ் ஜன்னல் வழியே பாத்தி பாத்தியாகக் கண்ணைக் கூச வைக்குமே, அதே உப்பளம்தான். வெயில் ஏறிவிட்டால் அங்கே நிற்க முடியாது. அதனால் விடிவதற்கு முன்பே வேலை ஆரம்பம்.

'ரெண்டு மணிக்கு எழுந்து சோறாக்கி அவங்களை அனுப்பிட்டு, மூணரைக்கு மறுபடி படுப்பேன். அப்பதான் அது வரும்' என்கிறார் தோழி. 'அமுக்குவான் பேய்' என்று பாட்டி சொல்லிவிட்டார். தலையணைக்கு அடியில் இரும்பு வைத்தாச்சு, வேப்பிலை வைத்தாச்சு, மந்திரிச்ச கயிறும் கட்டியாச்சு. இப்போ வீட்டில், 'காலேஜை நிறுத்திட்டு பரிகாரம் பண்ணலாம்' என்று பேச்சு. 'பேயைவிட எனக்கு இதுதான் பயமா இருக்கு' என்று முடித்திருக்கிறார்.

தோழி, உங்க கடிதத்துலயே பதில் இருக்கு. மூணரை மணி!

நாம் அதிகம் கனவு காண்பது 'ரெம்' என்கிற தூக்கத்தில். கனவில் நீங்க பஸ்ஸைத் துரத்தி ஓடினால், கட்டிலில் காலும் நிஜமாகவே ஓடக் கூடாது இல்லையா? அதற்காக அந்த நேரத்தில் மூளை கை, கால் தசைகளை எல்லாம் கட்டிப்போட்டுவிடும். கண்ணுக்கும், மூச்சை இழுக்கும் உதரவிதானத்துக்கும் மட்டும் விதிவிலக்கு. இது ராத்திரிக்கு நாலைந்து தடவை எல்லோருக்கும் நடப்பதுதான். தூங்கிக்கொண்டு இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

சில சமயம், கட்டு அவிழ்வதற்கு முன்பே முழிப்பு தட்டிவிடும். அதுதான் 'ஸ்லீப் பராலிசிஸ்'. நெஞ்சில் பாரம் ஏன்? மூச்சு தானாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்க பயந்துபோய் ஆழமாக இழுக்கப் பார்க்கிறீர்கள், மார்புத் தசைகள் ஒத்துழைப்பதில்லை. யாரோ உட்கார்ந்து அமுக்குவது போலத் தோன்றுகிறது. கதவோர உருவம்? கண் திறந்திருக்கிறது, ஆனால் கனவு ஓட்டும் ப்ரொஜெக்டரை மூளை இன்னும் அணைக்கவில்லை. அவ்வளவுதான்.

சரி, மூணரைக்கு வருவோம். சாதாரணமாகப் படுத்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ரெம் தூக்கம் வரும். நடுராத்திரியில் எழுந்து வேலை பார்த்துவிட்டு மறுபடி படுத்தால், மூளை நேராக அதற்குள் குதித்துவிடக்கூடும். முழிப்பு முழுசாகப் போகாமலேயே கட்டு விழுந்துவிடும். 1992-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை லேபிலேயே செய்து பார்த்தார்கள். 16 பேரை ராத்திரியில் எழுப்பி, கொஞ்ச நேரம் முழித்திருக்கச் சொல்லி, திரும்பத் தூங்க விட்டார்கள். மொத்தம் 64 தடவை எழுப்பியதில் ஆறு தடவை 'பேய்' வந்தது. பேயை வரவழைக்க மந்திரவாதி தேவைப்படவில்லை, தூக்கத்தைக் கலைத்ததே போதுமானதாக இருந்தது!

இப்போ உங்க எல்லோரோட கதைக்கும் வர்றேன். 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, அதுவரை வந்த 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பொதுமக்களில் நூற்றுக்கு 8 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்திருக்கிறது. மாணவர்களில்? நூற்றுக்கு 28! எக்ஸாமுக்கு விடிய விடிய படிப்பது, மொபைலோடு ரெண்டு மணி வரை புரள்வது, மதியம் கிளாஸ் கட் அடித்து ஹாஸ்டலில் தூங்குவது... நம்ம ஆட்கள் பேய்க்கு பாய் விரித்தே வைத்திருக்கிறோம்.

அமுக்குவான் நம்ம ஊர்க்காரர் மட்டும் இல்லை. ஜப்பானில் 'கனாஷிபாரி', கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 'ஓல்ட் ஹேக்' என்கிற கிழவி. 1781-ல் ஹென்றி ஃபியூசெலி வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், தூங்கும் பெண்ணின் மார்பு மேல் ஒரு குட்டிச் சாத்தான் உட்கார்ந்திருக்கும். உடம்பு ஒன்றுதான், ஊருக்கு ஊர் பேர்தான் வேறு. ஆக, பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் அனுபவம் நிஜம், காரணம்தான் வேறு.

வந்தால் என்ன செய்வது? முண்டாதீங்க. முண்ட முண்ட பயம் கூடும். 'இது தானா போயிடும்' என்று மனசுக்குள் சொல்லுங்க. சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிஷங்களில் போய்விடும். மூச்சை அதன் போக்கில் விட்டு, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்க. மல்லாக்கப் படுக்கும்போது இது அதிகம் வரும், ஒருக்களித்துப் படுங்க. பக்கத்தில் படுப்பவரிடம், 'நான் முனகினா தொட்டு எழுப்பு' என்று சொல்லி வையுங்க. தொட்டாலே பெரும்பாலும் கட்டு அவிழ்ந்துவிடும்.

அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் சொக்கினாலோ, சிரிக்கும்போது முழங்கால் துவண்டாலோ, நரம்பியல் டாக்டரைப் பாருங்க. அது 'நார்கோலெப்சி' என்கிற வேறு பிரச்னையாக இருக்கலாம். மரக்காணத்துக்காரர்களுக்கு ஜிப்மர் பக்கம்தான்.

தோழி, உப்பளத்து நேரத்தை நீங்க மாத்த முடியாது. ஆனா ராத்திரி எட்டரைக்கே படுக்கலாம். சோத்தை முந்தின ராத்திரியே ஆக்கி வைக்க முடியுமான்னு அம்மாகிட்ட பேசிப் பாருங்க. வாரத்துல சில நாளாவது யாராவது மாத்தி எழுந்தா, உங்களுக்கு முழுத் தூக்கம் கிடைக்கும். இந்தப் பக்கத்தை அப்பாவிடம் படிச்சுக் காட்டுங்க. பாட்டி கட்டின கயிறு கையிலேயே இருக்கட்டும், அது ஒண்ணும் பண்ணாது.

காலேஜை மட்டும் நிறுத்திடாதீங்க. இந்தப் பேய் கேட்கிற பரிகாரம் தூக்கம்தான், டி.சி. இல்லை.

அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரை... நல்லா தூங்குங்க!