நான் போகிறேன்

வெளியூர் நண்பர்கள் யார் வந்தாலும் எங்கள் காஞ்சிபுரத்து வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போவேன். பெருமாளைச் சேவித்த கையோடு உள்சுற்று மண்டபத்துக்கு அழைத்துப்போய்விடுவேன். சிங்கத் தூண்களுக்குப் பின்னால் சுவர் நெடுக இரண்டு அடுக்காகச் சிற்பங்கள். எல்லாம் மணற்கல். காற்றும் மழையும் தின்று முகங்கள் மழுங்கிவிட்டன. மூக்கு இருந்த இடத்தில் சின்ன மேடுதான் மிச்சம். ஆனாலும் அங்கே ஒரு பையனைத் தேடிக் காட்டாமல் நான் திரும்புவதில்லை.

அவன் பெயர் பல்லவமல்லன். வயது 12.

கி.பி. 731-ஐ ஒட்டிய காலம். காஞ்சியை ஆண்ட இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்துபோனான். ஆள அரசன் இல்லாமல் நாடு நிலைகுலைந்து நின்றது. ஊர்ப் பெரியவர்களும், கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் கூடிப் பேசி, பல்லவக் குலத்தின் இன்னொரு கிளை வாழ்ந்த தூர தேசத்துக்குப் புறப்பட்டுப் போனார்கள். அங்கே இருந்தவன் இரணியவர்மன். பல்லவ அரசன் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழியில் ஐந்தாம் தலைமுறை. ரத்த உறவு என்று சொன்னாலும், அதற்குள் அது வேறு மண், வேறு வாழ்க்கை. இரணியவர்மனுக்கு நான்கு பிள்ளைகள். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன் மூவரும் போக மாட்டோம் என்றார்கள். கடைக்குட்டி எழுந்து கைகூப்பி, நான் போகிறேன் என்றான்.

இது பாட்டி சொன்ன கதை இல்லை. சிற்பங்களை ஒட்டியே தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வந்து கேட்டவர்கள் யார், மறுத்தவர்கள் யார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எந்த தேசம் என்று மட்டும் பெயர் இல்லை. கம்போடியா, சம்பா பக்கம் என்று ஒரு சாரார். இல்லை, இந்திய மண்ணிலேயே ஒரு பகுதிதான் என்று இன்னொரு சாரார். மலையும் ஆறும் காடும் கடந்து வந்தான் என்கிறது கல்வெட்டு.

இந்தச் சிற்பங்களை வரிசையாகப் படித்து நமக்குச் சொன்னவர் சி. மீனாட்சி. 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். 1940-ல், 34 வயதில் காலமாகிவிட்டார். இந்தக் கோயிலின் வரலாற்றுச் சிற்பங்களைப் பற்றி அவர் எழுதிய நூலைத் தொல்லியல் துறை அடுத்த ஆண்டு வெளியிட்டது. அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அவரையும் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு அதிகம் உறைக்கும் இடம் முடிசூட்டு விழா இல்லை. அதற்கு முந்திய இடம். பிள்ளை போகிறேன் என்றதும் இரணியவர்மனுக்குப் பெருமையும் துயரமும் ஒருசேரப் பொங்குகின்றன. இவனுக்குப் பன்னிரண்டு வயதுதானே என்று தயங்குகிறான். தரண்டிகொண்ட போசர் என்ற பெரியவர் தேற்றிச் சம்மதிக்க வைக்கிறார். ஒரு ராஜா தன் வெற்றி வரலாற்றைக் கல்லில் வெட்டச் சொல்லும்போது, தன் அப்பா தயங்கியதையும் விட்டுவிடாமல் வெட்டச் சொல்லியிருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அந்த இடத்தை நான் சும்மா தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் என் அக்கா மகள் ஜெர்மனிக்குப் போனாள். எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கோர்வைப் புடவைக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளிக்கொடுப்பாள். பாவு பிணைக்கவும் அவள்தான் வேண்டும். ஒரு பாவு நெய்து முடியும்போது பழைய இழைகளை அச்சிலிருந்து முழுக்க உருவிவிடுவதில்லை. கொஞ்சம் நுனி விட்டுவைத்து, புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக அதோடு சேர்த்து முறுக்குவார்கள். விரலில் சாம்பல் தொட்டு ஒரே முறுக்கு. முடிச்சு கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று விட்டாலும் புடவையில் கோடு விழும். "உன் விரல் நல்ல விரல்டீ" என்பார் அவள் அப்பா, என் மாமா.

அவள் நர்ஸிங் படித்தாள். 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் ஆட்கள் போய்வர ஒரு ஒப்பந்தம் போட்டன. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாயிலும் ஜெர்மன் புழங்க ஆரம்பித்தது. ஒரு வருஷம் அந்த மொழியைப் படித்தாள். பரீட்சையில் ஒரு முறை தவறி, மறுமுறை தேறினாள். வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மாமா மட்டும் ஒன்றும் சொல்லாமல் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். அன்று நாள் முழுக்க அவர் ஒரு விரற்கடைகூட நெய்யவில்லை என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள்.

அங்கே போனதும் உடனே நர்ஸ் ஆகிவிட முடியாது. படிப்புக்கு அந்த நாட்டு அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் வேலைதான். வயதானவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படுக்கை மாற்றினாள். "இங்க பட்டம் வாங்கினதெல்லாம் பெட்டியிலேயே இருக்கு சித்தி" என்று ஒரு நாள் அழுதாள். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், அந்தப் பையன் கதையைத்தான் சொன்னேன்.

வந்தவனைக் காஞ்சி சும்மா நிறுத்தி வைக்கவில்லை. பல்லவடி அரையர் படையோடு எதிர்கொண்டு போய், யானை மேல் ஏற்றி ஊருக்குள் அழைத்து வந்தார். நகரத்தாரும் சிற்றரசர்களும் கூடி வரவேற்றார்கள். நந்திவர்மன் என்று புதுப் பெயர் சூட்டி முடிவைத்தார்கள். ஆனால் பாடு அதோடு தீரவில்லை. சித்திரமாயன் என்பவன் அரசுரிமை கேட்டு எழுந்தான். தமிழ் மன்னர்கள் அவன் பக்கம் சேர்ந்துகொண்டு நந்திபுரத்தில் இவனை முற்றுகையிட்டார்கள். தளபதி உதயசந்திரன் வந்து மீட்டான். சாளுக்கிய விக்கிரமாதித்தன் காஞ்சியையே பிடித்தான்; கோயில் பொன்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்லும் அவனுடைய கன்னடக் கல்வெட்டு கைலாசநாதர் கோயில் தூணில் இன்றும் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் நந்திவர்மன் ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஆண்டான். இந்தப் பெருமாள் கோயிலைக் கட்டினான். திருமங்கையாழ்வார் இங்கே வந்து பாடியபோது அவனைப் பல்லவன் என்றுதான் பாடினார். எங்கிருந்தோ வந்தவன் என்ற பேச்சே அதில் இல்லை.

யோசித்தால் எங்கள் தறித் தெருக்களும் அப்படித்தான். செங்குந்தர் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி வீட்டுக்குள் தெலுங்கு பேசும் சாலியர், இன்னொரு பக்கம் தேவாங்கர். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. நெய்து முடித்தால் அது காஞ்சிப் பட்டு.

போன சித்திரையில் அவளுக்கு அங்கீகாரம் கிடைத்தது. இப்போது அவள் முழு நர்ஸ். கிழவர்களின் சுருங்கிய கையில் மற்றவர்களுக்கு அகப்படாத நரம்பு அவள் விரலுக்கு அகப்படுகிறதாம். பெயர்தான் மாறிவிட்டது. நமக்கு அப்பா பெயர் ஓர் எழுத்து, இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதியதும், அந்த ஊர்க்காரர்களுக்கு அதுவே குடும்பப் பெயர். மரியாதையாகக் கூப்பிட வேண்டுமானால் 'ஃப்ராவ்' போட்டு மாமா பெயரைச் சொல்கிறார்கள். மாமாவுக்கோ ஊர்ப் பெரிய கோயில் சாமியின் பெயர். காஞ்சிபுரத்தைத் தாண்டி அதிகம் போகாத மனிதர்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தபோது அவள் வீடியோவில் கூப்பிட்டாள். டூட்டியில் இடைவேளை. அக்கா போனைத் தறிக்கட்டையில் சாய்த்து வைத்தாள். மாமா குழிக்குள் காலை வைத்தபடி நாடா ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பின்னால் வராந்தாவில் யாரோ ஒரு பெண், முன்னால் 'ஃப்ராவ்' போட்டு, மாமா பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். உச்சரிப்பு கொஞ்சம் உடைந்துதான் இருந்தது.

நாடா பாதியில் நின்றது. மாமா தலையைத் தூக்கி, "ஆங்?" என்றார்.